செயற்கை நுண்ணறிவுப் பரவல் கண்காணிப்பு

செயற்கை நுண்ணறிவுப் பரவல் கண்காணிப்பு என்பது, பொருளாதார, சமூகத் துறைகளில் செயற்கை நுண்ணறிவு எந்த அளவுக்குப் பயன்படுத்தப்படுகின்றது என்பதைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து பதிவு செய்வதாகும். தொழிற்பயிற்சி, மானியம், தொழிலாளர் நலன் தொடர்பான கொள்கைகளை வகுப்பதற்கு இவ்வளவீடுகள் உதவுகின்றன. ஆனால், என்ன கேட்கப்படுகின்றது, யாரிடம் கேட்கப்படுகின்றது என்பவற்றைப் பொறுத்து முடிவுகள் பெரிதும் வேறுபடுகின்றன.

முக்கிய கணக்கெடுப்புகள்

ஐக்கிய அமெரிக்கா: அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் 2023 செப்டெம்பர் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை நிறுவனங்களிடம் இது பற்றிக் கேட்டு வருகின்றது. தொடக்கத்தில், கடந்த இரண்டு வாரங்களில் பொருள் உற்பத்தியிலோ சேவை வழங்கலிலோ செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதா என்று கேட்கப்பட்டது. ஆம் என்றவை 2023 செப்டெம்பரில் 3.7%, 2024 பெப்ரவரியில் 5.4%.

ஐரோப்பிய ஒன்றியம்: யூரோஸ்டாட் என்னும் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவுகளின்படி, 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுள் 2023 இல் 8.0% உம், 2024 இல் 13.5% உம் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தின. 2024 இல் டென்மார்க்கில் இது 27.6%, உருமேனியாவில் 3.1%. பேச்சுணரி, படிம உணரி, இயந்திரக் கற்றல் எனத் தொழில்நுட்பங்களைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்பது இதன் சிறப்பாகும்.

தனியார் ஆய்வுகள்: மெக்கின்சி நிறுவனம் 2024 தொடக்கத்தில் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், தமது நிறுவனத்தின் ஏதேனும் ஒரு பிரிவிலாவது இது பயன்படுவதாக 72% பேர் தெரிவித்தனர்.

வேறுபாட்டுக்கான காரணங்கள்

ஒரே காலப்பகுதியில் 5.4% என்றும் 72% என்றும் வெளியான எண்கள் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. அவை வெவ்வேறானவற்றை அளக்கின்றன.

* அலகு: முதலாவதில் சிறு கடையும் பெருநிறுவனமும் தனித்தனி நிறுவனங்களாக எண்ணப்படுகின்றன. சிறியவையே எண்ணிக்கையில் மிகுதி என்பதால் விழுக்காடு குறைகின்றது.
* காலம்: இரண்டு வாரம் என்ற வரையறை, எப்போதாவது பயன்படுத்துவோரை விலக்கிவிடும்.
* பணி: உற்பத்தியில் மட்டும் பயன்பாடா, அலுவலக வேலைகளும் அடங்குமா என்பது.
* ஆழம்: ஓர் ஊழியர் மடல் எழுதப் பயன்படுத்துவதும், முழு ஆலையையும் இயக்கப் பயன்படுத்துவதும் ஒரே 'ஆம்' என்றே பதிவாகின்றன.

விடுபடும் துறைகள்

யூரோஸ்டாட்டின் மேற்படி கணக்கெடுப்பில் வேளாண்மை, நிதித்துறை, கல்வி, மருத்துவம் ஆகியன அடங்குவதில்லை. 10 பேருக்குக் குறைவான நிறுவனங்களும் மேற்கூறிய விழுக்காடுகளில் இடம்பெறுவதில்லை. ஆகவே பள்ளியிலோ மருத்துவமனையிலோ நிகழும் மாற்றம் இவ்வெண்களில் தென்படாது. கணக்கெடுப்பில் இடம்பெறாத துறையில் பயன்பாடே இல்லை எனக் கொள்வது பிழையாகும்.

இவற்றையும் பார்க்க

* செயற்கை நுண்ணறிவு
* இயந்திரக் கற்றல்
* மாதிரிக் கணக்கெடுப்பு