கண்ணாடிக் கூண்டுக்குள் காற்று வைத்தியம்!

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு தம்பி என் வைத்தியசாலைக்குள் நுழைந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கம்பெனி யூனிபார்ம், காலில் கனமான சேப்டி ஷூ.

"ஐயா, மத்தன் தைலம் ஒரு பாட்டில் குடுங்க. கால்ல சின்னப் புண்ணு."

"ஷூவைக் கழட்டுங்க தம்பி, பார்ப்போம்."

"பஸ் வந்துடும் ஐயா..."

"பஸ் நாளைக்கும் வரும். கழட்டுங்க."

சாக்ஸை உருவியதுமே வாடை அடித்தது. கட்டைவிரலுக்கு அடியில் குழிப்புண். பக்கத்து விரல் நுனி கறுத்துப் போயிருந்தது. பத்து வருஷமாகச் சர்க்கரை. "வலிக்கவே இல்லீங்களே!" என்றார் அப்பாவியாக. அதுதானே ஆபத்து!

"இது தைலத்துக்கு அடங்குற புண் இல்லை. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கண்ணாடிக் கூண்டுல படுக்க வெச்சு ஆக்சிஜன் குடுக்கறாங்களாமே... அதுல படுத்தா வெட்டாமலே சரியாயிடுமாமே? செல்போன்ல பார்த்தேன்."

இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும். 'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்று நினைக்காதீர்கள். மருந்து எந்த முறையாக இருந்தாலும், கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான். எந்த நோய்க்கு? எந்த அளவில்? யாருக்குக் கூடாது?

சோடா பாட்டில் ரகசியம்

ஆக்சிஜன் ஒரு மருந்து என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் ஆக்சிஜனை ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் ஒதுக்கியதை ரத்து செய்யக் கோரி, அன்றைய முதலமைச்சர் பிரதமருக்கே கடிதம் எழுதினார். அதே பிராணவாயுவை அழுத்தம் கூட்டிக் கொடுப்பதுதான் 'ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை'.

சோடா பாட்டிலைப் பாருங்கள். வாயுவை அழுத்தி அடைப்பதால் அது தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று நுரைக்கிறது. அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு அதிகம் கரையும். இதே விதிதான் நம் ரத்தத்துக்கும்!

சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் இருக்கும். அதில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் சுமப்பது. ரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி. மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் இந்த 0.3, சுமார் 6 மில்லியாக உயர்கிறது. ஓய்வாக இருக்கும் உடம்பின் தேவைக்கு அதுவே கிட்டத்தட்ட போதும்! 1960ல் ஆம்ஸ்டர்டாமில் பூரெமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை அநேகமாக முழுக்க நீக்கிவிட்டு, அழுத்த அறையில் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார்.

பயப்படுகிற அளவுக்கு அழுத்தமும் இல்லை. கார் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். கூண்டுக்குள் பெரும்பாலும் 20 பவுண்டு அளவுதான் கூட்டுவார்கள். ஏற்காடு மலை ஏறும்போது காது அடைப்பது போல இருக்கும். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆறாத புண்ணென்றால் 20 முதல் 40 தடவை வரை போகவேண்டியிருக்கும்.

எதற்கெல்லாம் உதவும்?

முதலாவது, கார்பன் மோனாக்சைடு விஷம். வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய ஷெட்டில் ஜெனரேட்டர் ஓட்டினாலோ, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு வண்டிக்குள் தூங்கினாலோ ஆளையே முடித்துவிடும். லாரி, கார் ஓட்டும் தம்பிகளே, கவனியுங்கள்! ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறைய, வெறும் காற்றில் சுமார் 5 மணி நேரம். முகமூடி ஆக்சிஜனில் ஒன்றரை மணி நேரம். அழுத்த அறையில் 25 நிமிடம் போல. ஆனால், அறையைத் தேடி அலைந்து நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐ அழைத்து, முகமூடி ஆக்சிஜன் உடனே கிடைக்கச் செய்யுங்கள். கூண்டு தேவையா என்பதை ஆஸ்பத்திரி முடிவு செய்யும்.

இரண்டாவது, ஆழ்கடலில் மூழ்கி அவசரமாக மேலே வருபவர்களுக்கு ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும் நோய். திறந்த சோடா நுரைப்பது மாதிரிதான்! இதற்கு அழுத்த அறைதான் முக்கிய வைத்தியம். மும்பையில் கடற்படையின் அஸ்வினி மருத்துவமனை இத்துறையில் பேர் பெற்றது.

இன்னும் சில உண்டு. எந்திரத்தில் நசுங்கிய கை கால், தசையை அழுக வைக்கும் கிருமித் தொற்று, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பல மாதம் கழித்து வரும் தாடை எலும்பு, மூத்திரப்பைக் கோளாறுகள், திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது. எல்லாவற்றிலும் இது துணை வைத்தியம்தான். அறுவை, மருந்துகளுக்கு மாற்று அல்ல. திடீர்ச் செவிடுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் வைத்தியம் தொடங்குவது முக்கியம்.

சர்க்கரைப் புண்ணுக்கு?

இங்கேதான் ஆசைவார்த்தை அதிகம். உண்மையைச் சொல்கிறேன். ஸ்வீடனில் 94 பேரிடம் நடந்து 2010ல் வெளிவந்த ஆய்வில், அழுத்த ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் புண் ஆறியது. அறையில் வெறும் காற்றைச் சுவாசித்தவர்களில் 29 சதவீதம்தான். ஆனால் ரத்த ஓட்டம் குறைந்த கால்களில் நடத்தி 2018ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், குறிப்பிடத்தக்க பலன் நிரூபணமாகவில்லை. ஆக, எல்லாருக்கும் பலிக்கும் மந்திரம் அல்ல. எலும்பு வரை போன, மற்ற வைத்தியங்களுக்கு மசியாத சில புண்களுக்கு நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இளம் வைத்தியனாக இருந்தபோது ஒரு பெரியவரின் கறுத்த விரலை மூன்று வாரம் தைலக் கட்டிலேயே வைத்திருந்தேன். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. மேலோட்டமான புண்ணுக்கு எங்கள் தைலம் கைகொடுக்கும். ரத்தம் போகாத விரலுக்கு எந்தத் தைலமும் எட்டாது. அன்று கற்ற பாடம்தான் இந்தத் தம்பியைத் துரத்தித் துரத்தி அனுப்ப வைத்தது.

யாருக்குக் கூடாது?

நுரையீரல் உறையில் காற்றுக் கசிந்து நிற்பவர்களுக்கு, அதைச் சரிசெய்யும் வரை கூடவே கூடாது. கடும் சளி, காதடைப்பு இருந்தால் தள்ளிப்போட வேண்டும். வலிப்பு, ஆஸ்துமா, முன்பு வாங்கிய புற்றுநோய் மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே சர்க்கரை இறங்கலாம். பரிசோதித்த பிறகே போகவேண்டும். சிலருக்குப் பார்வை கொஞ்ச நாள் மங்கும்.

எண்ணெய் தேய்த்த தலை, தைலம் பூசிய கால், செல்போன் எதுவும் உள்ளே ஆகாது. ஆக்சிஜன் அறையில் ஒரு பொறி போதும்! 1997ல் மிலான் நகர மருத்துவமனையில் இப்படி 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு மையத்தில் ஐந்து வயதுச் சிறுவன் பலியானான். ஆட்டிசம், புற்றுநோய் குணமாகும் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013லேயே எச்சரித்திருக்கிறது. அழகு நிலையத்துக் காற்றுப் பைகளும் மருத்துவமனை அறையும் ஒன்றல்ல.

அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு? சென்னையில் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி, கறுத்த விரலை எடுத்தார்கள். எலும்பில் சீழ் இருந்ததால் பிறகு கூண்டிலும் படுக்க வைத்தார்கள். பாதம் தப்பியது. "கூண்டுதான் காப்பாத்திச்சா ஐயா?" என்றார். "கூண்டு, கத்தி, மருந்து மூணும் சேர்ந்துதான். அதுக்கும் முன்னாடி, ஷூவைக் கழட்டினீங்களே, அது!" என்றேன்.

சர்க்கரை உள்ள தொழிலாளத் தோழர்களே! ஷிப்ட் முடிந்து வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் மனைவியையோ பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம், கறுப்பு, வாடை, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டர். தைலம் வாங்க அப்புறம் வரலாம். என் கடை எங்கேயும் ஓடிவிடாது!