பகலில் எரியணும், இருட்டினால் அணையணும்: காருக்கு வீட்டிலேயே டி.ஆர்.எல். பொருத்துவது எப்படி?

பைக்கில் போகிறவர்களுக்கு இந்தச் சைகை பழக்கமானது. எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டிவிட்டுப் போவார்; பட்டப்பகலில் ஹெட்லைட் எரிகிறது, அணைத்துக்கொள் என்று பொருள். ஆனால் அணைக்க முடியாது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடினால் விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்பது விதி.

கார்களுக்கு இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. புதிய மாடல்கள் பலவற்றில் பகல்நேர விளக்கு, அதாவது டி.ஆர்.எல்., கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்தான் சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரி அலங்காரக் கடைத்தெருவில் ஒரு ஜோடி எல்.இ.டி. பட்டையை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறக்கிறார். கடையில் விளக்கை எரியவிட்டுக் காட்டுவார்கள், பளிச்சென்றுதான் இருக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எப்போது, எப்படி அணையும்?

பகலில் எதற்கு விளக்கு?

ஓட்டுநர் பாதையைப் பார்ப்பதற்கான விளக்கு அல்ல இது. மற்றவர்கள் காரைப் பார்ப்பதற்கானது. சூரியன் தாழ்ந்தே நிற்கும் வடக்கு ஐரோப்பாவில் இந்த யோசனை பிறந்தது. பின்லாந்து 1972-இல் குளிர்காலத்துக்கு மட்டும் தொடங்கியது. சுவீடன் 1977-இல் ஆண்டு முழுவதும் கட்டாயமாக்கியது. 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான கார்களுக்குக் கனடா விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி 7 முதல் புதிய கார் மாடல்களுக்குத் தனி டி.ஆர்.எல். கட்டாயமானது. மாற்றுக் குரலும் உண்டு. 2005-இல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கிய ஆஸ்திரியா, 2008 தொடக்கத்திலேயே அதைக் கைவிட்டது. எல்லாக் கார்களும் எரிந்தால் பைக்காரரும் பாதசாரியும் கண்ணில் படாமல் போவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லையே என்று தோன்றலாம். வெயில் அதிகமுள்ள இடத்தில்தான் நிழலும் அடர்த்தி. இருபுறமும் புளியமரம் நிற்கும் இருவழிச் சாலையில், நிழலுக்குள் வரும் சாம்பல் நிறக் காரும் தார்ச்சாலையும் ஒன்றாகிவிடும். லாரியை முந்த எட்டிப் பார்ப்பவருக்கு அந்தக் கார் ஓரிரு விநாடி முன்னதாகத் தெரிந்தால் போதும். அவர் உள்ளே ஒதுங்கிவிடுவார்.

எந்த விளக்கை வாங்குவது?

டி.ஆர்.எல்.லுக்கான ஐ.நா. விதி எண் 87. அதன்படி வெளிச்சம் வெள்ளையாக இருக்க வேண்டும். நேர் எதிரே 400 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது, எந்தத் திசையிலும் 1,200-ஐத் தாண்டக் கூடாது. ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ ஒரு கேண்டெலா. இந்த விதிப்படி தேர்வான விளக்கின் கண்ணாடியில் ‘ஆர்.எல்.’ என்ற ஆங்கில எழுத்துகளும், வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். இந்த முத்திரை இல்லாத பட்டைகள் பெரும்பாலும் அலங்காரத்துக்கே ஆகும். பகல் வெயிலில் இருபதடி தள்ளி நின்றால் எரிவதே தெரியாது.

மின்சாரச் செலவு குறைவு. ஹாலஜன் லோ பீம் இரண்டும் சேர்ந்து 110 வாட் இழுக்கும், எல்.இ.டி. டி.ஆர்.எல். ஜோடிக்கு 10 முதல் 20 வாட் போதும்.

இடம் முக்கியம்

வண்டியில் விளக்கு பொருத்துவதற்கான ஐ.நா. விதி 48 சொல்லும் அளவுகள் எளியவை. தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் கீழேயும் 150 செ.மீ.க்கு மேலேயும் கூடாது. இரண்டு விளக்குகளுக்கும் நடுவே குறைந்தது 60 செ.மீ. இடைவெளி வேண்டும். நம்பர் பிளேட்டின் இருபுறமும் நெருக்கி ஒட்டினால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காரின் அகலம் பிடிபடாது. இண்டிகேட்டரை ஒட்டியும் வைக்கக் கூடாது. வெள்ளை வெளிச்சத்தில் மஞ்சள் சிமிட்டல் கரைந்துவிடும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் கிரில்லை மறைப்பது இன்னொரு தவறு.

மூளை எங்கே இருக்கிறது?

தானியங்கி என்றால் இரண்டு விஷயங்கள் தானாக நடக்க வேண்டும். வண்டி கிளம்பியதும் எரிய வேண்டும். பார்க் லைட்டையோ ஹெட்லைட்டையோ போட்டதும் அணைய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, கிட்டோடு வரும் சிறிய கன்ட்ரோல் மாடியூல். இது பேட்டரியின் வோல்ட்டை மோப்பம் பிடிக்கும். நிறுத்திவைத்த காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கினால் 13.8 முதல் 14.4 வரை ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்ததும் மாடியூல் விளக்கைப் போடும். பேட்டரிக்கு இரண்டு ஒயர், பார்க் லைட்டுக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான் இணைப்பு. பழைய கார்களில் இது நன்றாகவே வேலை செய்யும். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்ட்டை அவ்வப்போது இறக்கி ஏற்றும் புதிய கார்களில், ஓடும்போதே விளக்கு அணைந்து அணைந்து எரியும்.

இரண்டாவது, ரிலே. ஐந்து கால் கொண்ட சாதாரண 12 வோல்ட் ரிலே போதும். அதன் உடம்பிலேயே ஒவ்வொரு காலுக்கும் எண் அச்சிட்டிருக்கும். 30-ஆம் எண்ணுக்கு, சாவி போட்டால் மட்டும் வரும் சப்ளையை ஃபியூஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். நடுவில் உள்ள 87ஏ-யிலிருந்து டி.ஆர்.எல்.லின் பாசிட்டிவ். 86-க்கு பார்க் லைட் ஒயர். 85 எர்த். பார்க் லைட் அணைந்திருக்கும்வரை 30-உம் 87ஏ-யும் ஒட்டியே இருக்கும், விளக்கு எரியும். பார்க் லைட்டைப் போட்டதும் உள்ளே இருக்கும் காயில் இழுக்க, தொடர்பு விலகி விளக்கு அணையும். அப்போது 87-ஆம் காலில் மின்சாரம் நிற்கும் என்பதால், அதை மறக்காமல் டேப் சுற்றி மூட வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று. பார்ப்பதற்கு அச்சாக இதேபோல் இருக்கும் சில ரிலேக்களில் நடுக்காலும் 87 தான், 87ஏ அல்ல. அதைப் போட்டால் எல்லாம் தலைகீழாகும்: பகலில் விளக்கு எரியாது, இரவில் எரியும். கடையிலேயே எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

வேலையைத் தொடங்கலாம்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். விளக்குகளை ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பினால் வாட்டர் சர்வீஸில் ஒரு பக்கம் தொங்கும். ஒயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சைலன்சர் குழாயையும் ரேடியேட்டர் ஃபேனையும் தொடாமல், கம்பெனி ஒயரிங் போகும் வழியிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். எர்த்துக்கு, பாடியில் ஒரு போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் வைத்து முடுக்கலாம். விளக்கு மினுக்குவதற்குப் பாதிக் காரணம் சுரண்டாத பெயின்ட்தான்.

ஃபியூஸ் சப்ளை எடுக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஜோடி விளக்குக்கு 3 ஆம்பியர் போதும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, விளக்கை அல்ல. விளக்கின் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது பிரயோஜனப்படாது. கார் தீப்பிடிக்கும் கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

கம்பெனி ஒயரை வெட்டக் கூடாது. ஃபியூஸ் பெட்டியில் செருகும் இணைப்பு ஃபியூஸ் ஹோல்டர் கிடைக்கிறது. அதன்வழியே சப்ளை எடுக்கலாம். பார்க் லைட் ஒயரின் நிறம் காருக்குக் கார் மாறும் என்பதால் மல்டிமீட்டரால் உறுதி செய்ய வேண்டும்: சுவிட்சைப் போட்டால் 12 வோல்ட், அணைத்தால் பூஜ்யம். முறுக்கி டேப் ஒட்டும் இணைப்பு ஒரு மழைக்காலம் தாங்காது. சால்டரிங் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும்.

கடைசியாக, சாவியை எடுத்த பிறகு மாடியூல் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் ஒரு மாதத்தில் 7 ஆம்பியர் ஹவருக்கு மேல் போய்விடும். சிறிய காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு ரிலே முறையே மேல். சாவி இல்லாவிட்டால் அதில் கசிவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டக் கூடாது. நீலம், சிமிட்டும் விளக்கு, நிறம் மாறும் பட்டை எல்லாம் போலீஸ் கையைக் காட்ட அழைப்பு வைப்பது போலத்தான். ஹெட்லைட், இண்டிகேட்டர், கம்பெனி ஒயரிங் எதையும் மாற்றாமல் வெள்ளை டி.ஆர்.எல். பொருத்துவதே பாதுகாப்பான எல்லை. வாரண்டியில் இருக்கும் காரானால், கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது. எல்லா விளக்குகளையும் கணினிப் பெட்டியே ஆளும் புதிய கார்களில் வீட்டு வேலை வேண்டாம். ஓர் ஒயரைத் தட்டினால் மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

அணையாவிட்டால் என்ன?

ஹெட்லைட்டின் லோ பீமுக்கு மேல்விளிம்பு உண்டு. அதற்கு மேலே ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். டி.ஆர்.எல்.லுக்கு அந்த விளிம்பு கிடையாது, எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகவே அது ஒளிவிடும். சில மாடியூல்கள் இருட்டில் வெளிச்சத்தைப் பாதியாக மட்டும் குறைக்கும். 400 கேண்டெலாவின் பாதி 200. முன்பக்கப் பார்க் லைட்டுக்கு ஐ.நா. விதி தரும் உச்சமே 140 தான். ஆகவே முழுவதும் அணைவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்து பின்பக்கம். டி.ஆர்.எல். எரியும்போது டெயில் லைட் எரியாது. மழை இருட்டிலும் அந்தி நேரத்திலும் முன்னால் வெளிச்சம் தெரிவதால் எல்லா விளக்கும் எரிவதாக ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கார் இருப்பதே தெரியாது. இந்தப் பிரச்சினையால்தான் கனடா 2021 செப்டம்பர் முதல் விதியைத் திருத்தியது. அங்கே புதிய வண்டிகளில் டி.ஆர்.எல்.லுடன் டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அல்லது ஓட்டுநர் கவனிக்கும்படி மீட்டர் போர்டு இருண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் பொருத்திய கிட் இதில் எதையும் செய்யாது. மேகம் கறுத்தாலோ மாலை மங்கினாலோ லைட் சுவிட்சைத் திருகுவது இன்னும் ஓட்டுநரின் வேலைதான். திருகியதும் டி.ஆர்.எல். அணைகிறதா, டெயில் லைட் எரிகிறதா என்று வீட்டில் ஒருவரை வண்டியைச் சுற்றிவந்து பார்க்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கருவிகளைப் பெட்டியில் வைக்கலாம்.