அலைகளின் ராஜ்யம் – 7: நாலு நிமிஷ அனுமதி

டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912-ஆம் ஆண்டிலேயே, வானொலி அலைகளை அனுப்பும் நிலையங்கள் யாவும் உரிமம் பெற்றாக வேண்டுமென்று அமெரிக்க சர்க்கார் சட்டம் இயற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த உரிமம் ஒரு காகிதம். அது செல்லுபடியாகும் காலம் வரையில், அதை வைத்திருப்பவர் அலை அனுப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2015 ஏப்ரலில், அதே தேசத்தின் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் வகுத்த விதிகளோ அனுமதி என்பதன் ஸ்வரூபத்தையே மாற்றிவிட்டன.

3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையின் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கடற்படைக் கப்பல்களின் ரேடாருக்கு உரியதாக இருந்தது. எப்போதோ வந்து போகும் கப்பலுக்காக அதை வருஷம் முழுவதும் வெறுமையாக வைத்திருப்பது விரயமல்லவா? ஆகவே ஆணையம் மூன்று அந்தஸ்துகளை ஏற்படுத்திற்று. முதல் ஸ்தானம் ரேடார் முதலிய பழைய உரிமையாளருக்கு, அடுத்தது ஏலத்தில் முன்னுரிமை பெற்றவர்களுக்கு, மூன்றாவது பொதுவானது. 2020-இல் நடந்த ஏலம் 450 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

இனி, ஒரு நிலையம் வாய் திறக்கும் விதத்தைக் கவனிப்போம். இந்த அலைக்கற்றையைப் பங்கிட்டுக் கொடுக்கும், எஸ்.ஏ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் கணினி அமைப்பிடம் அது முதலில் தன் வரிசை எண்ணையும், நிற்கும் இடத்தையும், ஆன்டெனாவின் உயரத்தையும் தெரிவித்துப் பதிவு செய்துகொள்கிறது. பிறகு எந்த அலைவரிசை கிடைக்குமென்று விசாரித்து, இன்ன சக்தியில் இயங்க விரும்புகிறேன் என்று விண்ணப்பிக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் உடனே பேசிவிடக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் ஜீவநாடி. ‘ஹார்ட்பீட்’ என்று பொறியாளர்கள் சொல்லும் இன்னொரு செய்தியை அனுப்பி, அதற்குச் சம்மதம் வந்த பின்னரே அலைகளை வெளியிடலாம். ரேடாரைக் காக்க வேண்டிய பகுதிகளில் அந்தச் சம்மதமும் அதிகபட்சம் 240 விநாடிகளுக்குத்தான். திரும்பத் திரும்பக் கேட்டுப் புதுப்பிக்காவிட்டால், காலக்கெடு முடிந்த 60 விநாடிக்குள் நிலையம் மௌனமாகிவிட வேண்டும்.

இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. கடற்கரை நெடுகிலும் நிறுவப்பட்ட உணர்கருவிகள் ரேடாரின் அலையைக் கண்டு அறிவித்ததும், 300 விநாடிக்குள் அந்த அலைவரிசையைக் காலி செய்து கொடுக்க வேண்டுமென்பது விதி. நடுவில் இணைய இணைப்பு அறுந்து, நிறுத்தும்படி சொல்லும் உத்தரவே போய்ச் சேராவிட்டாலும், சம்மதம் தானாகவே காலாவதியாகி, 240-உம் 60-உமாக அதே 300 விநாடிக்குள் நிலையம் அடங்கிவிடுகிறது. உத்தரவை நம்பாமல் அனுமதியின் ஆயுளையே குறுக்கிய இந்த யோசனை மிகவும் மெச்சத்தக்கது.

ஆனால், மெல்லிய ரேடார் அலையையும் அந்த உணர்கருவிகள் கேட்க வேண்டுமே! அதன்பொருட்டு அவற்றைச் சூழ்ந்த பிரதேசங்களில் நிலையங்கள் இயங்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது; பகிர்வதற்காக வைத்த கருவியே பகிர்வுக்கு எல்லை வகுக்கிறது.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மூன்றாவது அந்தஸ்துதான். ஏலம் எடுத்தவர் தமது அலைவரிசையைப் பயன்படுத்தாத இடங்களில் அதையும் பொது வகுப்பினர் உபயோகிக்கலாம்; கோடி கொட்ட இயலாத ஒரு பள்ளியோ சிற்றூர் நிறுவனமோ இதனால் சொந்த வலையமைப்பை நிறுவ முடிகிறது. பக்கத்து நிலையத்தின் இடையூறிலிருந்து சட்டரீதியான பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது. அத்தகைய இடையூறை இவர்கள் தமக்குள் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.