பைக் வாங்கும் முன் ஒரு ஒர்க்ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், போட்டோக்களைச் சேர்த்து வைக்கிறோம். எக்ஸெல் பக்கம் மட்டும் போவதில்லை. அது ஆபீஸ் கணக்குக்கு என்று ஓர் எண்ணம். சாப்ட்வேர் துறையில் இருக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். சொந்தக் காரியத்துக்காக அதைத் திறந்தது பைக் வாங்கப் போனபோதுதான்.

ஊர் திண்டுக்கல் பேகம்பூர், வேலை பெங்களூருவில். நடுவே கரூர், நாமக்கல், சேலம், ஓசூர் வழியாகச் சுமார் 370 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை ஊருக்கு வந்து போகவும், அத்தாவைப் பின்னால் உட்கார வைத்து சிறுமலை, கொடைக்கானல் என்று சுற்றவும் ஒரு டூரிங் பைக் வேண்டும். அத்தாவிடம் இருந்தது ஒரு டிவிஎஸ் 50. அதில் அம்மா, நான், தங்கை எல்லாரும் ஏறி வத்தலக்குண்டு வரை போயிருக்கிறோம். அந்தக் கடனை நல்ல பெரிய வண்டியாக வாங்கித் தீர்க்க நினைத்தேன். கனமான வண்டிதான் நல்ல வண்டி என்பது என் கணக்கு. பூட்டுக்குப் பேர் போன ஊர் அல்லவா! கடையில் பூட்டைக் கையில் எடுத்ததும் முதலில் கனம்தான் பார்ப்போம்.

பழகிப் பார்க்க நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கிக்கொண்டு அத்தாவுடன் சிறுமலை ஏறினேன். 200 கிலோ பக்கம் எடையுள்ள வண்டி. நேர் சாலையில் அந்த எடை தெரியவே இல்லை. அந்த மலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ, எதிரே பஸ் வர, வளைவின் நடுவில் நிறுத்திக் காலை ஊன்றினேன். சாய்ந்த தரை, கால் எட்டவில்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகப் படுத்தது. அத்தாவின் கெண்டைக்காலில் சைலன்சர் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. என்னால் வண்டியைத் தூக்க முடியவில்லை. வாழைத்தார் ஏற்றி வந்த வேனிலிருந்து இருவர் இறங்கி வந்துதான் நிமிர்த்தினார்கள். தவறு வண்டி மேல் இல்லை. என் உயரம் 165 செ.மீ., எடை 58 கிலோ. இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அன்று இரவு எக்ஸெல் திறந்தேன். உங்களிடம் எக்ஸெல் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும், இலவசம். படுக்கை வரிசை ஒவ்வொன்றிலும் ஒரு பைக். நெட்டு வரிசைகளில் எடை, சீட் உயரம், பவர், டேங்க். இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். "196 கிலோ" என்று செல்லில் டைப் செய்தால் கம்ப்யூட்டருக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. கூட்டினால் பிழைச் செய்தி வரும். கிலோ என்பதைத் தலைப்பில் போட்டு, செல்லில் 196 மட்டும் டைப் செய்திடவும். எண் செல்லின் வலது ஓரம் ஒட்டி நின்றால் சரி. இடது ஓரம் நின்றால் எங்கோ தவறு.

அடுத்து, எடையில் இரண்டு வகை உண்டு. பெட்ரோல் இல்லாத எடை ஒன்று. பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றி ஓட்டத் தயாராக நிற்கும் எடை இன்னொன்று. இரண்டாவதைக் கெர்ப் வெயிட் என்பார்கள். 2023 நவம்பரில் வந்த ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450 பைக்கில் முதலாவது 181 கிலோ, இரண்டாவது 196. ஒரு பைக்குக்கு அதையும் இன்னொன்றுக்கு இதையும் எழுதினால் ஒப்பீடே பொய்யாகிவிடும். எல்லாவற்றுக்கும் கெர்ப் வெயிட்டையே எழுதினேன்.

என் பட்டியலில் நான்கு. ஹிமாலயன் 450: 196 கிலோ, சீட் உயரம் 825 மி.மீ., 40 பி.எஸ். பவர், 17 லிட்டர் டேங்க். அதே கம்பெனியின் மீட்டியோர் 350: 191, 765, 20.2, 15. சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.: 167, 835, 26.5, 12. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: 158, 825, 19, 13.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டேன். ஒரு அம்சத்தில் சிறந்ததற்கு 10. மற்றவற்றுக்கு அதே விகிதத்தில் குறைவு. எந்த அம்சம் எவ்வளவு முக்கியம் என்று நூற்றைப் பிரித்துக் கொடுத்து, பெருக்கிக் கூட்டினேன். ஹிமாலயன் முதலிடம். எனக்குச் சந்தோஷம். எட்டிப் பார்த்த தங்கை, "அண்ணே, நேத்து பவருக்கு 25தானே போட்டிருந்தே, இன்னிக்கு 40 எப்படி ஆச்சு?" என்றாள். பிடித்த பைக் ஜெயிக்கும் வரை எண்களை மாற்றியிருக்கிறேன்! நீங்களும் செய்வீர்கள். எனவே முக்கியத்துவ எண்களை முதலில் எழுதி, தனி பைலாக சேவ் செய்த பிறகே மற்றதைத் தொடங்கவும்.

ஆனால் பழையபடி எடைக்கு 40, பவருக்கு 25, சீட் உயரத்துக்கு 20, டேங்குக்கு 15 என்று போட்டாலும் ஹிமாலயன்தான் முதலிடம். எடையில் பெற்ற 8 மதிப்பெண்ணை, பவரிலும் டேங்கிலும் பெற்ற பத்துகள் மூடி மறைத்துவிடுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் 100 வாங்கி, தமிழில் 20 வாங்கினால் மொத்தம் என்னவோ அழகாகத்தான் இருக்கும், ஆனால் பெயில். பைக்குக்கும் பாஸ் மார்க் வேண்டும்.

அந்த பாஸ் மார்க்கைத் தெருவில்தான் கண்டுபிடித்தேன். தெரிந்தவர்களின் வண்டிகளை வாங்கி, எங்கள் வீட்டு முன் சரிவில் பின்னோக்கித் தள்ளினேன். அத்தாவை ஏற்றி யு டர்ன் எடுத்தேன். பழைய பாயை விரித்து வண்டியைப் படுக்க வைத்து நிமிர்த்தியும் பார்த்தேன். (தெருவே வேடிக்கை பார்த்தது.) 160 கிலோ வண்டி தனியாளாக நிமிர்ந்தது. 190க்கு மேல் அசையவில்லை. எல்லையை 175 என்று வைத்தேன். எக்ஸெல்லில் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் பில்டர் கிளிக் செய்திடவும். எடைத் தலைப்பில் தோன்றும் சிறிய அம்புக்குறியில் நம்பர் பில்டர்ஸ், லெஸ் தேன் ஆர் ஈக்வல் டு தேர்ந்தெடுத்து 175 கொடுத்து ஓகே தட்டவும். நான்கில் இரண்டு மறைந்துவிடும். அழியவில்லை; பில்டரை எடுத்தால் திரும்ப வரும். உயரமான, பலமான ஒருவருக்கு 200 என்று கொடுத்தால் நான்கும் நிற்கும்.

மிச்சம் இருந்தவை சுசூகியும் ஹீரோவும். எடை குறைந்ததே போதும் என்றால் ஹீரோதான். ஆனால் இருவர் ஏறியபின் நிலைமை என்ன? நான், அத்தா, பை எல்லாம் சேர்ந்து 140 கிலோ. புதிய செல்லில் சமக் குறி போட்டு, பவர் செல்லைக் கிளிக் செய்து, வகுத்தல் கோடு, திறப்பு அடைப்புக்குறி, எடை செல்லைக் கிளிக் செய்து, கூட்டல் 140, மூடும் அடைப்புக்குறி, பெருக்கல் 1000 என்று கொடுத்து என்டர் தட்டவும். ஒரு டன்னுக்கு எத்தனை பி.எஸ். என்று வரும். ஹீரோவுக்கு 64, சுசூகிக்கு 86. பில்டரை எடுத்துப் பார்த்தால் ஹிமாலயனுக்கு 119; அதன் அருமை அங்கே புரிகிறது. வெறும் வண்டியாகப் பார்த்தால் ஹீரோ ஹிமாலயனைவிட 19 சதவீதம் எடை குறைவு. ஆள் ஏறியபின் 11 சதவீதம்தான். லேசான வண்டியின் லாபம் ஓடும்போது பாதியாகச் சுருங்குகிறது. தள்ளும்போதும் நிறுத்தும்போதும் முழுதாகக் கிடைக்கிறது.

நான்கு வழிச் சாலையில் லாரியை முந்த வேண்டுமே என்று சுசூகியை எடுத்தேன். சீட் நான்கிலும் உயரம் அதற்குத்தான். எனக்கு ஒரு கால்தான் முழுதாகப் பதிகிறது. 167 கிலோவை ஒரு காலில் தாங்க முடிகிறது. விலைக்கும் ஒரு நெட்டு வரிசை வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் 350ஐத் தாண்டினால் கூடுகிறது.

12 லிட்டர் டேங்க்தான் குறை. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று குறைத்தே போட்டாலும் 360. பெங்களூருவுக்குப் பத்து கிலோமீட்டர் இடிக்கிறது. சேலத்தில் நிறுத்திப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். அதே பைலின் இரண்டாவது ஒர்க்ஷீட்டில் இப்போது பெட்ரோல் கணக்கு ஓடுகிறது. எழுதுவது அத்தா.