நாற்காலி மாறும் நேரம் – 14: ஏரிக்கு இக்கரையா, அக்கரையா?

சியாட்டில் நகருக்கும் ரெட்மண்டுக்கும் நடுவே வாஷிங்டன் ஏரி. மேற்குக் கரையில் அமேசான் தலைமையகம், கிழக்கே மைக்ரோசாஃப்ட். இரண்டையும் இணைக்கும் 520 பாலம்தான் உலகிலேயே நீளமான மிதவைப் பாலம். சாஃப்ட்வேர்க்காரர்கள் வேலை மாறும்போதெல்லாம் அதன் மேல் போவதும் வருவதுமாக இருந்தார்கள். இப்போது அமேசான் கிழக்குக் கரையில் பெல்வ்யூவிலும் கோபுரங்கள் எழுப்பிவிட்டது. பாலம் ஏறாமலே கம்பெனி மாறலாம்.

இரண்டு கம்பெனியின் வேலை ஆஃபரும் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களைக் கேட்டால் தீர்ப்பு தயாராக இருக்கும்: அமேசான் பிழிந்தெடுத்துவிடும், மைக்ரோசாஃப்ட்டில் செட்டில் ஆகிவிடலாம். இதை நான் முழுசாக நம்புவதில்லை. 2012இல் கேட்டிருந்தால் மைக்ரோசாஃப்ட்டைப் பற்றியே வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

அந்த ஆண்டு கர்ட் ஐகன்வால்ட் என்ற பத்திரிகையாளர் ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் மைக்ரோசாஃப்ட் வீணாக்கிய பத்தாண்டைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவரிடம் பேசிய ஊழியர்கள் ஒருவர் விடாமல் குறை சொன்ன ஒரு விஷயம், ‘ஸ்டாக் ரேங்கிங்’. டீமில் 10 பேரும் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். ஆனாலும் மேனேஜர் அவர்களை வரிசைப்படுத்தி, இன்னார் பிரமாதம், இன்னார் சுமார், இன்னார் மோசம் என்று முன்கூட்டியே வகுத்த விகிதத்தில் பிரித்தாக வேண்டும். யாராவது ஒருவர் கடைசியில் நின்றே தீரவேண்டும் என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கெட்டிக்காரர் இருக்கும் டீமில் சேரத் தயங்குவார்கள். தனக்குத் தெரிந்ததைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொல்லித்தர மாட்டார்கள். கூகுளையும் ஆப்பிளையும் முந்துவதை விட்டுவிட்டு, அடுத்த கேபினில் இருப்பவரை முந்துவதிலேயே கவனம் போகும்.

2013 நவம்பரில் இந்த முறையை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. சத்யா நாதெள்ளா தலைமைப் பொறுப்புக்கு வந்தது 2014 பிப்ரவரியில். அவர் வந்துதான் அங்கே காற்றே மாறியது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மாறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டாக் ரேங்கிங்கை எடுத்தது அவருக்கு முன் தலைமையில் இருந்த ஸ்டீவ் பால்மர் காலத்தில் என்பது அந்தக் கதையில் காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் கம்பெனியின் கலாசாரம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் ரேட்டிங் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்கிறேன். சுவரில் ஒட்டிய வாசகங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அப்படி ஒட்டுவதற்கு அமேசானிடம் நிறையவே உண்டு. 14ஆக இருந்த தலைமைக் கொள்கைகள் 2021இல் 16 ஆயின. உலகின் சிறந்த முதலாளியாக இருக்க முயல்வது புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று. அதே ஆண்டுதான் ‘சியாட்டில் டைம்ஸ்’ நாளிதழ் உள் ஆவணங்களை வைத்து ஒரு செய்தி வெளியிட்டது: போனாலும் வருத்தமில்லை என்ற கணக்கில் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் பேர் வெளியேற வேண்டும் என்று மேனேஜர்களுக்கு இலக்கு உண்டு என்பது அதன் சாரம்.

அதற்காக அமேசானை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அங்கே 2004இலேயே பவர்பாயின்ட்டுக்குத் தடை போட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டியதை ஆறு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் உட்கார்ந்து அதை அமைதியாகப் படிப்பார்கள், பேச்சு அதற்கப்புறம்தான். ஆங்கிலத்தில் சரளமாக அளக்க வராத, ஆனால் தெளிவாக யோசித்து எழுதத் தெரிந்த ஆளுக்கு இது பெரிய வரம். நம் ஊரிலிருந்து போனவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

பங்குக் கணக்கையும் பாருங்கள். பல ஆண்டுகளாகப் புதிதாகச் சேருபவருக்கு அமேசான் தந்துவரும் பங்குகள் முதல் ஆண்டில் 5 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 15, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 40, 40 என்று கைக்கு வரும். மைக்ரோசாஃப்ட்டில் வழக்கமாக ஆண்டுக்கு 25. தொடக்கப் பள்ளத்தை அமேசான் ரொக்க போனஸால் நிரப்பிவிடும் என்பதால், முதல் இரண்டு ஆண்டும் வித்தியாசம் தெரியாது. மூன்றாம் ஆண்டு முதல் சம்பளத்தின் கணிசமான பகுதி பங்கின் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கும். 2022இல் அமேசான் பங்கு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தபோது பல வீடுகளில் பட்ஜெட்டைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிந்த கையோடு வெளியே போக நேர்ந்தால்கூட 80 சதவீதப் பங்கு அங்கேயே நின்றுவிடும்.

செட்டில் ஆகிவிடலாம் என்ற அந்த இன்னொரு வாக்கு? 2025 மே, ஜூலை என இரண்டே சுற்றில் சுமார் 15,000 பேரை மைக்ரோசாஃப்ட் வீட்டுக்கு அனுப்பியது. வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வா என்று 2025 தொடக்கத்திலிருந்து அமேசான் கட்டாயமாக்கியபோது எதிர்க்கரையைக் காட்டிப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டும் வாரம் மூன்று நாள் என்று அறிவித்துவிட்டது.

ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு இதெல்லாம் இன்னும் ஒரு மடங்கு கனம். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டின் முதல் படியான ‘பெர்ம்’ விண்ணப்பத்தில், அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதே வகை வேலையில் இருந்தவர்களை அண்மையில்தான் ஆட்குறைப்பு செய்தார்கள் என்றால் அது எளிதல்ல. 2023 ஆட்குறைப்புகளுக்குப் பின் கூகுளும் அமேசானும் பெர்ம் தாக்கல்களை நிறுத்திவைத்தன. வேலை தப்பியவர்களின் கிரீன் கார்டு முயற்சியும் அப்படியே நின்றது.

இன்டர்வியூவில் பேசும் ஆட்களை வைத்து டீமை எடை போடுவதும் ஆபத்து. அமேசானில் ‘பார் ரெய்சர்’ என்று ஒருவர் வந்து கேள்வி கேட்பார். வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, ஆனால் அவர் வேறு டீம்காரர், சேர்ந்த பிறகு உங்கள் கண்ணில் படாமலே போகலாம். உங்களுக்கு ரேட்டிங் போடப்போகிற மேனேஜரோடு அரை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். ஆஃபர் கையில் இருக்கும்போது பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போன வாரம் ஆன்காலில் இருந்தவருக்கு ராத்திரி எத்தனை தடவை பேஜர் அடித்தது, கடைசியாக டீமை விட்டுப் போனவர் எங்கே போனார் என்று கேளுங்கள். டீமில் வேலை செய்யும் ஒருவரிடமும் தனியாக இதையே கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பெர்ம் எந்த மாதம் தொடங்குவார்கள் என்பதை மட்டும் ரிக்ரூட்டரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஒரு வருஷத்துக்குள் என்று இழுத்தால், சேர்ந்த நாளிலிருந்தா, முதல் ரேட்டிங் வந்த பிறகா என்று மறுபடி கேட்கலாம். அவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான்.

(தொடரும்)