படத்தில் இருப்பவர் யார்?

உங்கள் வீட்டில் பழைய குடும்பப் புகைப்படம் ஒன்று இருக்கலாம். அதில் பெயர் தெரியாத பெண் ஒருவர் நிற்கிறார். "அப்பத்தா சாயல் அப்படியே இருக்கிறது, அவருடைய அக்காதான்" என்கிறார் ஒருவர். சாயலை மட்டும் நம்பி முடிவு செய்யலாமா? கூடாது. அக்காள், தங்கை, அத்தை எல்லாரிடமும் ஒரே சாயல் இருக்கக்கூடும் அல்லவா?

முதலில் படத்தின் காலத்தைக் கணிக்க வேண்டும். அருகில் நிற்கும் சிறுவன் அப்பத்தாவின் தம்பி, அவர் பிறந்தது 1938 என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அவருக்கு ஐந்து வயதிருக்கும் என்றால், அது ஏறத்தாழ 1943-இல் எடுக்கப்பட்டது. அக்காள் 1935-இல் காலமானதாக இறப்புப் பதிவேடு கூறினால், அப்பெண் அவர் அல்லர். இவ்வாறே ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு வர வேண்டும்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-இலேயே சட்டம் வந்தது. பிறப்புப் பதிவேட்டில் பலவேளை குழந்தையின் பெயர் இராது. பெற்றோர் பெயரைக் கொண்டு தேடுங்கள். பழைய கிரயப் பத்திரங்களிலும் உறவுமுறைகள் கிடைக்கும்.

படத்தின் பின்புறம் ஒரு பெயர் இருந்தால்? அங்கும் எச்சரிக்கை தேவை. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்குச் சென்று பாருங்கள். அங்கே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழ், ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வட்டெழுத்துகள் உள்ளன. ஒன்றில் அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியாரின் பெயர் இருக்கிறது. ஆனால் சிற்பம் அவருடையதன்று. அதைச் செய்வித்தவரே அவர். புகைப்படத்தின் பின்னுள்ள பெயரும் அப்படித்தான். அதை அனுப்பியவர் பெயராகவோ பெற்றவர் பெயராகவோ இருக்கலாம்.

அம்மலைக் கல்வெட்டு மற்றொன்று குணசேனதேவர், அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகள் என வரிசைப்படுத்துகிறது. ஒரே பெயர் இருமுறை வருவதைக் கவனித்தீர்களா? நம் குடும்பங்களிலும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். ஆகவே பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. தந்தை பெயரும் ஆண்டும் பொருந்த வேண்டும்.

பெரியவர்களிடம் தனித்தனியே கேளுங்கள்; ஒருவர் சொன்னதை மற்றவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இருவர் சொல்லும் ஓர் ஆவணமும் ஒத்துவந்தால் விடை ஏறக்குறைய உறுதி.

தாய் என்ற ஒரு சொல் பொறிக்கப்பட்டதால்தான் குணமதியார் யாரென்று நமக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் படங்களின் பின்னும் பெயர், உறவு, ஆண்டு மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.