சிறு பெட்டிக்குள் ஒரு கணிப்பொறி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கணிப்பொறியை முழுதாக வாங்காமல், பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே கோக்கலாம் என்பது பலரும் அறிந்ததே. பெரிய கேபினட்டில் கோப்பவர் பிராசசரை முதலில் தேர்ந்தெடுப்பார்; எதை வாங்கினாலும் உள்ளே இடமிருக்கும். சிறிய கேபினட்டிலோ இந்த வரிசை தலைகீழாகிறது. கேபினட் முதலில், மற்றவை யாவும் அதற்கு அடங்க வேண்டும். ஒரே அறை கொண்ட எங்கள் வீட்டில், சீட்டு எடுத்து வாங்கும் முதல் கணிப்பொறி இது. ஒரு பாகம் நுழையவில்லையென்றால் இன்னொன்று வாங்கப் பணம் கிடையாது. எனவே எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் பார்க்க வேண்டியதாயிற்று.

வழக்கமான ஏ.டி.எக்ஸ். மதர்போர்டின் அளவு 305 × 244 மி.மீ. வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். 170 மி.மீ. சதுரம்; பரப்பில் பாதிக்கும் குறைவு. ரேமுக்குப் பெரும்பாலும் இரண்டே இடம். விலை மட்டும் ஏனோ சிறுக்கவில்லை! வீட்டில் இடமுள்ளவர்க்கு 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டே சிக்கனம்.

மிகச் சிறிய கேபினட்டில் கிராபிக்ஸ் கார்டுக்கு இடமிராது. ஆகவே அவ்வசதி உள்ளேயே அமைந்த பிராசசர் வேண்டும். நான் தேர்ந்தது 2021-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. அந்த 'ஜி' என்னும் எழுத்தை விட்டுவிடக் கூடாது. வெறும் 5600-இல் கிராபிக்ஸ் இல்லை. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிபவற்றிலும் இல்லை. விலை குறைவென்று அவற்றை வாங்கினால் திரை இருண்டே கிடக்கும்.

இனி வெப்பம். நம் துறைக்கு உரிய பகுதி இதுதான். 5600ஜி-யின் மேல் 65 வாட் என்று போட்டிருந்தாலும், கடும் வேலையின்போது அது 88 வாட் வரை இழுக்கும். உடன் இலவசமாக வரும் கூலரின் உயரம் 54 மி.மீ. நான் தேர்ந்த கேபினட்டிலோ 45 மி.மீ. கூட இடமில்லை! 37 மி.மீ. உயரமுள்ள கூலர்கள் தனியே கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கூலரும் சுற்றியுள்ள காற்றைவிடப் பிராசசரைக் குளிர்விக்க இயலாது. 22 டிகிரி அறையில் சோதித்து 80 டிகிரி காட்டியது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் மே மாதத்து 38 டிகிரி அறையில் அதுவே ஏறத்தாழ 96 ஆகும். இதன் உச்ச வரம்போ 95. எரிந்து போகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குக் காசில்லா வைத்தியம் ஒன்றுண்டு. பல போர்டுகளில் பயாஸ் அமைப்பிலேயே பிராசசரை 45 வாட்டுக்குக் கட்டுப்படுத்தலாம். நிரல் எழுதவும் பாடம் பார்க்கவும் அந்த வேகம் தாராளம்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் எஸ்.எம்.பி.எஸ். 200 வாட் இருந்தாலே போதும். 600 வாட் என்று கடையில் வற்புறுத்தினால் மறுத்துவிடலாம்.

ரேம் 16 ஜி.பி. ஒன்றாக வாங்காமல் 8 ஜி.பி. இரண்டாக வாங்குவது நன்று. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது ரேமையே பங்கிட்டுக்கொள்வதால் இரட்டைப் பாதை கைகொடுக்கும். டி.டி.ஆர்.4 வகையே இதற்குப் பொருந்தும். மேலே உயர்ந்த தகடுள்ள ரேம் கூலரில் இடிக்கக்கூடும். எஸ்.எஸ்.டி.யில் எம்.2 வகைக்கு வயரே வேண்டாம். இப்பிராசசர் மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வேகத்தையே தருமாதலால், நான்காம் தலைமுறைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

பணம் கட்டுமுன் மதர்போர்டின் பயாஸ் பதிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். பி450 போன்ற முந்தைய போர்டுகள், பயாஸைப் புதுப்பித்த பின்னரே 5600ஜி-யை ஏற்கும்.